நாலு பெட்டியும் ஒரு காதும்

கண்ணு,

நீ சௌக்கியமாக இருப்பது நேற்று தொலைபேசியில் உன் குரலைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது, அதனால் அதை விசாரித்து இடத்தை வீணாக்கவில்லை. நீ பெங்களூரிலிருந்து வந்து இறங்குவதற்குள் சேலத்துச் சொந்தமெல்லாம் மலையேறி வந்துவிடும். சமையலுக்கு ஒருவர், பந்தலுக்கு ஒருவர் என்று ஆளாளுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். உன்னைத் தனியாக உட்கார வைத்துப் பேச எனக்கு வாய்க்காது. நிக்காஹ் முடிந்துவிட்டால் உன் காது இன்னொருத்திக்குச் சொந்தமாகிவிடும். ஆகவே இப்போதே எழுதிவிடுகிறேன். "ரெண்டு தடவைதாம்மா பாத்திருக்கேன், அவகிட்ட என்ன பேசறதுன்னே தெரியல" என்று நீ சொன்னாயே, அதைக் கேட்டு நான் சிரித்தேன். நீ கோபித்துக்கொண்டாய். உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. உன் அத்தாவும் நானும் கல்யாணமாகி எத்தனையோ மாதம் ஒருவரோடொருவர் பேசத் தெரியாமல் விழித்தது நினைவுக்கு வந்துவிட்டது. அந்தக் கதையை உனக்கு நாங்கள் சொன்னதில்லை. நம் வீட்டு முன்னறையின் நான்கு மூலையிலும் நிற்கும் ஸ்பீக்கர் பெட்டிகளை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். என் வலது காது கேட்காது என்பதும் உனக்குத் தெரியும். இந்த இரண்டும் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் செய்தன என்பதுதான் உனக்குத் தெரியாது.

எனக்கு ஏழெட்டு வயதில் பொன்னுக்குவீங்கி வந்தது. கன்னம் இரண்டும் வீங்கிப் பத்து நாள் படுத்திருந்தேன். வீக்கம் வடிந்தபோது வலது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு காது இல்லாததால் பாட்டோ பேச்சோ குறைந்துவிடவில்லை. இடம்தான் போயிற்று. எனக்கு எல்லாச் சத்தமும் இடது பக்கமிருந்துதான் வரும். யார் கூப்பிட்டாலும் முதலில் இடப்பக்கம் திரும்புவேன், அங்கே ஆள் இல்லையென்றால் சுற்றிலும் தேடுவேன். என்னைப் பெண் பார்க்க உன் அத்தாவின் அண்ணன், சேலத்துப் பெரியத்தா, வந்தபோது என் அத்தா மறைக்கவில்லை. உள்ளறைக் கதவோரம் நின்று நானே கேட்டேன். "புள்ளைக்கு வலது காது கேக்காதுங்க. சொல்லாம குடுக்க மனசு வரலைங்க" என்றார். பெரியத்தா ஒரு வாய் டீயைக் குடித்துவிட்டு, "அதுக்கென்னங்க, இன்னொரு காது இருக்குதே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த வீட்டுக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் வாழப் போகலாம் என்று தோன்றியது. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். அவரிடம் சொன்னால் தம்பியிடம் சொன்ன மாதிரி என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

அப்போது உன் அத்தா ஏற்காட்டில் இதே ரேடியோக் கடையைத்தான் வைத்திருந்தார். எஸ்டேட்டுகளில் காப்பிப் பழம் உரிக்கும் மெஷினின் மோட்டார், பங்களாக்களின் வெந்நீர் பாய்லர், ஊரிலிருக்கும் ரேடியோ எல்லாம் அவரிடம்தான் வரும். தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட் முதலாளி, ஜெர்மனியிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்த ஒரு பாட்டுப் பெட்டியை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தார். அது நாலு ஸ்பீக்கருக்கான பெட்டி. கூடவே நாலு ஸ்பீக்கர் பெட்டியும் கொஞ்சம் ரெக்கார்டுகளும். பார்வைக்கு மற்ற ரெக்கார்டுகள் மாதிரியேதான் இருக்கும். ஆனால் அதன் பள்ளத்துக்குள் நான்கு பக்கத்துச் சத்தத்தையும் மடித்து வைத்திருப்பார்கள். சாதாரண ப்ளேயரில் போட்டால் சாதாரணப் பாட்டு. மடிப்பைப் பிரிக்கிற அந்தப் பெட்டி வழியாக விட்டால், பாடுகிறவர்கள் முன்னால் நிற்பார்கள், அவர்கள் நிற்கிற மண்டபம் நமக்குப் பின்னால் வந்து நின்றுகொள்ளும். அத்தா ரிப்பேர் பார்த்துக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினார். அந்த முதலாளி கோயமுத்தூருக்குக் குடிபோகிற அவசரத்தில் இருந்தார். "இதோட பாஷை உனக்குத்தான் தெரியுது, நீயே வெச்சுக்க" என்று கொடுத்துவிட்டாராம். அந்த ரெக்கார்டுகளைப் போட்டது ஐரோப்பாவில் ஒரு சின்னக் கம்பெனி. பெரிய பெயர்களைத் தேடி ஓடாது. பழைய தேவாலயங்களிலும் மண்டபங்களிலும் சுற்றிலும் மைக்கை வைத்து, கூட்டுப் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் பொறுமையாகப் பதிவு செய்யும். அத்தாவுக்கு அந்தப் பாட்டின் பாஷையும் தெரியாது, ராகமும் தெரியாது. "மலையில மழை நடந்து வர்ற சத்தம் மாதிரி இருக்குது புள்ள, எங்கிருந்து கிளம்பி எங்க போவுதுன்னு தெரியுது" என்பார். சத்தத்துக்கு ஒரு இடம் இருக்கிறது என்பதுதான் அவருக்கு ஆச்சரியம். அந்த மனுஷனுக்கு வாய்த்த பெண்டாட்டி நான்.

கல்யாணமான முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டு, என்னை முன்னறைக்குக் கூப்பிட்டார். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தார். நான்கு பெட்டிக்கும் சரிநடு. அதன்மேல் நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தார். ரெக்கார்டைத் துடைத்து ஊசியை வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. முடிந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஏனுங்க, ஒரு பாட்டுக்கு எதுக்குங்க நாலு பெட்டி?"

எனக்கு அது உண்மையான சந்தேகம். காது விஷயம் தெரிந்தவர்தானே, விளக்கிச் சொல்வார் என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ரெக்கார்டை உறையில் போட்டார். அதன்பிறகு என்னை அந்த நாற்காலிக்குக் கூப்பிடவேயில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என்னால் அனுபவிக்க முடியாததைக் காட்டி என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதென்றுதான் கூப்பிடாமல் இருக்கிறார், எவ்வளவு நல்ல மனசு என்று. அவர் என்ன நினைத்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சேலத்தில் படித்த பெண், ரேடியோ மெக்கானிக்கைக் கேலி செய்கிறாள் என்று.

இப்படியே மாதங்கள் போயின. அவர் என் வலப்பக்கம் நடந்து வந்து ஏதாவது சொல்வார், நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேன். சாப்பிடும்போது ஏதோ கேட்பார், நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தூங்கும்போது நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுப்பது எனக்குச் சிறு வயதுப் பழக்கம். அவர் பேசியதெல்லாம் சுவருக்குத்தான் போயிருக்கும். அவர் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அதனால் நான் அவரை ரொம்பப் பெரிய மனுஷராக நினைத்துக்கொண்டேன். தொழுகைக்கு உட்காரும்போதெல்லாம் அவருக்காக துஆச் செய்தேன். குறையைத் தெரிந்தே கட்டிக்கொண்டு, ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டாதவர் என்று. பார் கண்ணு, நான் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவர் அந்தப் பக்கம் தனியாகக் கிடந்து தவித்திருக்கிறார். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் இவ்வளவு தூரத்தில் இருக்க முடியும். உனக்கும் இப்படி நேரலாம். அவள் பேசாமல் இருந்தால் திமிர் என்றோ பிடிக்கவில்லை என்றோ நீயாக முடிவு கட்டாதே. வாய்விட்டுக் கேட்டுவிடு. நாங்கள் கேட்கவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நாங்கள் நன்றாகப் பேசினோம். அத்தாவுக்கு அந்தக் கம்பெனியின் மற்ற ரெக்கார்டுகளும் வேண்டும். கம்பெனிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். அவருக்கு எழுதத் தெரியாது, நான் பள்ளிக்கூடம் முடித்து டைப்ரைட்டிங்கும் படித்தவள். கடையின் பின்னாலிருந்த மேசையில் உட்கார்ந்து அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அந்த மேசையின் வலப்பக்கம் சுவரை ஒட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் அவர் என் இடப்பக்கம்தான் உட்கார வேண்டும். அங்கே அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் பதில் சொன்னேன், சிரித்தேன், எதிர்க்கேள்வி கேட்டேன். "ஊசி தேயாம இருக்க என்ன பண்ணணும்னு கேளு புள்ள" என்பார். "நம்ம ஊர்ப் பனிக்கு ரெக்கார்டுல பூசணம் புடிக்குமான்னும் கேக்கட்டுங்களா?" என்பேன். மேசையில் ஒருத்தி, மற்ற இடத்தில் இன்னொருத்தி என்று அவருக்குக் குழம்பிப் போயிற்றாம். கடிதம் எழுத வேலையில்லாத நாளிலும் ஏதாவது சாக்கு வைத்து அந்த மேசைக்கு என்னைக் கூப்பிட்டார் என்பதை மட்டும் நான் கவனித்திருந்தேன்.

அந்தக் கம்பெனியிலிருந்து முதல் பார்சல் வந்த நாள் எனக்கு மறக்காது. போஸ்ட் ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னதும் கடையை அப்படியே சாத்திவிட்டு, "நீயும் வா, எழுதுனவ நீதானே" என்று என்னையும் கூட்டிப்போனார். கையெழுத்துப் போட்டு வாங்கியபோது மாப்பிள்ளைக் களை மறுபடியும் அவர் முகத்தில் வந்தது. திரும்பி வரும்போது பனி இறங்கியிருந்தது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவர் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால். கடைவீதிக்கு முந்தின வளைவில் ரோட்டைக் கடக்கும்போது ஹாரன் சத்தம் கேட்டது. எல்லாச் சத்தமும் வருகிற இடத்திலிருந்துதான் அதுவும் வந்தது, என் இடப்பக்கமிருந்து. நான் வலப்பக்கம் விலகி ஓடினேன். வெள்ளக்கடையிலிருந்து காப்பி மூட்டை ஏற்றி வந்த ஜீப் வலப்பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அத்தா பார்சலை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து இழுத்ததில் இருவரும் ஓரத்துச் சேற்றில் விழுந்தோம். ஜீப் பார்சலின் மேல் ஏறிப் போய்த்தான் நின்றது. உள்ளே ரெக்கார்டு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஹாரன் கேக்கலையா உனக்கு?"

"கேட்டுச்சுங்க. எந்தப் பக்கமுன்னு தெரியலைங்க."

"அதெப்படித் தெரியாம இருக்கும்? அவ்வளவு பெரிய சத்தம்."

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க. அதான் உங்களுக்குத் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"எனக்கு இந்தக் காது கேக்காதுன்னு."

அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே அவருக்குத் தெரியாதென்பது எனக்குப் புரிந்துவிட்டது. சேற்றில் உட்கார்ந்தபடியே, "எங்கத்தா சொன்னாருங்களே, உங்க அண்ணங்கிட்ட" என்றேன். அவர் என்னை எழுப்பி, வீட்டு வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டு, சேறு படிந்த வேட்டியோடு அப்படியே சேலம் பஸ் ஏறிவிட்டார்.

அந்தப் பகல் முழுக்க நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். அழைத்துப்போக என் அத்தாவைக் கூட்டிவரத்தான் போயிருக்கிறார் என்று ஒரு மனசு சொன்னது. தகரப் பெட்டியில் என் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு, யாராவது வந்து பார்த்தால் நானே போகத் துணிந்த மாதிரி இருக்குமே என்று எடுத்து வெளியே வைத்தேன். அவர் நல்லவர் என்று அத்தனை நாள் செய்த துஆவெல்லாம் விஷயமே தெரியாத மனுஷனுக்குச் செய்ததா என்று அழுதேன். கோபம் யார்மேல் என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. மறைத்தவர் பெரியத்தா, ஏமாந்தவர் உன் அத்தா, திரும்பிப் போகப் போகிறவள் நான்.

பொழுது சாய்ந்து நான் மஃரிப் தொழுது முடித்த நேரம் அவர் வந்தார். என் அத்தா கூட வரவில்லை. கால் கழுவிவிட்டு வந்து என் எதிரில் நின்றார். "அண்ணங்கிட்டக் கேட்டேன். சொன்னா வேணாம்பேன்னு தெரியும், அதான் சொல்லலைன்னாரு. இனிமே உன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு அவருகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். பிறகு, "நான் இத்தனை நாளும் உனக்கு என்னையப் புடிக்கலைன்னு நெனச்சுட்டு இருந்தேன் புள்ள" என்றார்.

"நான் உங்கள, தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லாத மனுசன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க."

"எந்தக் காது கேக்கும்?"

தொட்டுக் காட்டினேன். அவர் சுற்றி வந்து என் இடப்பக்கம் உட்கார்ந்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். பஸ்ஸில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி பெஞ்சில், எங்கே போனாலும் அந்தப் பக்கம்தான். நீயும் தங்கச்சியும் சின்னதாக இருந்தபோது அந்தப் பக்கத்துக்காகச் சண்டை போடுவீர்கள், கடைசியில் அவரே ஜெயிப்பார்.

ஆனால் ரெக்கார்டை அதன்பிறகு அவர் தொடவில்லை. தூசி தட்டுவார், பூசணம் பிடிக்காமல் துடைத்து வைப்பார், ஓட்டுவதில்லை. "எனக்காகவாங்க?" என்று கேட்டால், "கரண்டு சரியில்ல" என்பார். அவருக்கு இருந்த ஒரே ஆசையை நான் அணைத்துவிட்டேனோ என்று எனக்கு உறுத்தியது. அந்தச் சமயத்தில் ஒரு எஸ்டேட் ஆபீஸைக் காலி செய்து சாமான்களை ஏலம் விட்டார்கள். மோட்டார் வாங்கப் போனவர் கணக்கெழுதுகிற ரைட்டர் உட்கார்ந்த சுழல் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். அச்சுக்கு எண்ணெய் விட்டு, சாக்பீஸ் வட்டத்தின் மேல் நிறுத்தி, "உக்காரு" என்றார். ஊசியை வைத்தார். "இப்ப ஒரு பக்கமே பாக்காத. உன் காதை எந்தப் பெட்டிகிட்டக் காட்டணுமோ அந்தப் பக்கம் சுத்திக்க" என்றார்.

காலால் தரையைத் தள்ளி மெதுவாகச் சுற்றினேன். கண்ணு, அதை எப்படிச் சொல்ல. ஒரு மூலைக்கு என் காதைக் காட்டினால் பெண்கள் பாடினார்கள். கொஞ்சம் திரும்பினால் அவர்கள் பின்வாங்கி ஆண்கள் முன்னே வந்தார்கள். முழுக்கத் திரும்பினால் பாட்டு தூரத்துக்குப் போய்விட்டது, அந்த மண்டபம் மட்டும் இருந்தது. யாரோ செருமினார்கள், யாருடைய செருப்போ கல்தரையில் உரசியது. சத்தத்துக்கு இடம் இருக்கிறது என்று அவர் சொன்னது ஏழெட்டு வயதுக்குப் பிறகு முதல்முறையாக எனக்குப் புரிந்தது.

"ஏனுங்க, பின்னாடி ஒரு குருவி இருக்குதுங்க."

"ஜன்னல்லயா?"

"இல்லைங்க, பெட்டிக்குள்ள."

அவர் நம்பவில்லை. ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்து, பின்பக்கப் பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டு மண்டியிட்டார். குருவி கத்தியது. எந்தக் காலத்திலோ, எந்த ஊர்த் தேவாலயத்தின் கூரையிலோ இருந்த குருவி. நடுவில் உட்கார்ந்து முன்னாலேயே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அது பாட்டுக்குள் மறைந்து போயிருந்தது. அவர் எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நீ பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை இருவரும் மாறி மாறி அந்த நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தோம். பாங்கு தொடங்கியதும் வழக்கம்போல ஊசியைத் தூக்கினார்.

அதிலிருந்து ரெக்கார்டு சேர்ப்பது எங்கள் இருவர் வேலையுமாகிவிட்டது. நான் அந்தக் கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். நீங்கள் அனுப்பியது ஜீப்பில் நசுங்கிவிட்டது, என் கணவர் அதை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார், எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மூன்று காது, மூலைக்கு மூலை வித்தியாசம் அதிகமுள்ள ரெக்கார்டு எது என்று சொல்லுங்கள் என்று. பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தது. பதிவு செய்கிற மனிதரே எழுதியிருந்தார். நசுங்கியதற்குப் பதிலாக இன்னொன்றும், கூடவே அவராகத் தேர்ந்தெடுத்த ஒன்றும் வைத்திருந்தார். நான்கு மூலையில் நான்கு குழு நின்று ஒன்றுக்கொன்று பதில் பாடுகிற ரெக்கார்டு அது. முகம் தெரியாத அந்த மனிதருக்கும் நான் துஆச் செய்துகொண்டு வருகிறேன். கொஞ்ச வருடத்தில், நாலு பெட்டி வைத்துக் கேட்க ஆளில்லை, இனி இப்படிப் போடப் போவதில்லை என்று அவரே வருத்தத்தோடு எழுதினார். அதன்பிறகு தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மெட்ராஸில் துறைமுகத்துக்கு எதிரே வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடைகளிலும், வீடு மாற்றிப் போகிற பங்களாக்களிலும் தேடினோம். பெங்களூரில் ஒரு வாத்தியார் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். திரும்பும்போது ரெக்கார்டு என் மடியில், நீ ரெக்கார்டின் மேல் தூங்கினாய். அந்தக் கம்பெனி போட்டதில் இன்றைக்கும் ஒன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் இருப்பதும் நல்லதுதான், தேட ஏதாவது இருக்கட்டும் என்கிறார் அத்தா.

நீ பிறந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உன்னை வயிற்றில் சுமந்தபோது எனக்கு ஒரே பயம், என் காது உனக்கும் வந்துவிடுமோ என்று. அது காய்ச்சலில் போனது, வயிற்றுக்குள் வராது என்று டாக்டரம்மா சொன்னாலும் மனசு கேட்கவில்லை. நீ பிறந்த அன்று, உன் காதில் பாங்கு சொல்ல யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு வந்தது. அத்தா பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூட்டிவருவதாகச் சொன்னார். நான், "உங்க அண்ணன்தான் சொல்லணுமுங்க" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவரு சொல்லாம விட்டதாலதான் இந்தப் புள்ள இருக்குது. அவர்மேல எனக்கு ஒரு கோபமும் இல்லைங்க" என்றேன். வெகுநேரம் கழித்து எழுந்து போய் சேலத்துக்குத் தந்தி கொடுத்தார். மலையேறி வந்த பெரியத்தா வாசலிலேயே தயங்கி நின்றார். உன்னைக் கையில் வாங்கியபோது அவர் தாடி நனைந்திருந்தது. உன் வலது காதில் அவர் பாங்கு சொன்னார். பிறகு நீ கொஞ்சம் வளர்ந்து தலை நிற்கத் தொடங்கியதும், அத்தா உன்னை என் மடியில் வைத்து, அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்து, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்துவிட்டார். முன்னால் சத்தம் வந்தால் நீ முன்னால் பார்த்தாய். வலப்பக்கப் பெட்டி பேசினால் வலப்பக்கம் திரும்பினாய். உன் தலை திரும்பத் திரும்ப உன் அத்தாவுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. எத்தனையோ பேர் அந்த அறையில் அந்த ரெக்கார்டுகளைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் அவர் மனசுக்கு நிறைவாகக் கேட்டவன் நீதான்.

போன வருடம் மடிப்பைப் பிரிக்கிற அந்தப் பழைய பெட்டி கடைசியாக மூச்சை விட்டபோது, உள்ளே கெட்டுப்போன பாகம் இனி எங்கும் கிடைக்காதென்று அத்தா அதைத் துணி போட்டு மூடிவிட்டார். நீ பெங்களூரிலிருந்து, சினிமாத் தியேட்டர் மாதிரி சுற்றிலும் சத்தம் வரும் என்று ஒரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்தாய். பழைய ரெக்கார்டின் மடிப்பு இதற்கு எங்கே பிரியப் போகிறது என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே பார்த்தார். நீ ஒயர்களை மாற்றி மாற்றிச் சொருகி, ஏதேதோ பட்டனைத் திருகி, ஒரு பகல் முழுக்கத் தரையில் கிடந்தாய். பழையபடி அப்படியே இல்லை, ஆனால் மண்டபம் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. நீ கிளம்பிப் போன பிறகு அத்தா கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார், உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அவருக்காகவும் எனக்காகவும் நான் சொல்கிறேன். நொம்ப நன்றி சாமி.

உனக்குப் பெரிதாகப் புத்தி சொல்ல எனக்குத் தெரியாது. வரப்போகிறவளுக்கு எந்தப் பக்கம் கேட்கும் என்று தெரிந்துகொள். காதை மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் கத்த வேண்டியதில்லை. உனக்குப் பிடித்ததை அவளிடம் காட்டும்போது, நீ உட்கார்ந்த இடத்திலேயே அவளையும் உட்கார வைக்காதே. அவளே சுற்றிப் பார்க்கட்டும். நீ கேட்காததை அவள் கேட்டால் நம்பு.

இன்னொன்று. இத்தனை வருடமும் உன் அத்தாவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்காமலே வைத்திருந்த ஒரு கேள்வி உண்டு. முந்தாநாள் கல்யாணப் பத்திரிகைகள் அச்சாகி வந்தன. இருவரும் மேசையில் உட்கார்ந்து உறைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, அன்னைக்கு உங்க அண்ணன் உள்ளதைச் சொல்லியிருந்தா என்னையக் கட்டியிருப்பீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பொய் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அத்தனை வருடம் கேட்காமல் இருந்தேன்.

"கட்டியிருக்க மாட்டேன் புள்ள" என்றார். "நாலு பெட்டி வெச்சுக் கேக்கற எனக்கு எதுக்கு ஒத்தக் காதுப் பொண்ணுன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் இருந்துச்சு எம் புத்தி. இப்ப நெனச்சாலும் பக்குன்னு இருக்குது."

எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் நம்புவாயா? வலிக்கவில்லை. ஒரு பெரிய லாரி உரசாமல் பக்கத்தில் போன மாதிரிதான் இருவருக்கும் இருந்தது. பிறகு அவர் அடுக்கின் மேலிருந்த பத்திரிகையை எடுத்து, பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

"மொதல்ல எங்கண்ணன் பேரை எழுது" என்றார்.

எழுதினேன்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
அம்மா